2:18-க்கு எதுவுமே நடக்கவில்லை

லாக்கில், அதாவது மென்பொருள் தான் செய்வதை நேரம் போட்டு எழுதிவைக்கும் குறிப்பேட்டில், ஒரு வரி விட்டுப்போகலாம், போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாமல் இருக்கலாம், எழுதியவர் அவசரத்தில் தப்பான சொல்லைப் போட்டிருக்கலாம். ஆனால் வந்து சேர்ந்த வரியின் தலையில் உட்கார்ந்திருக்கிற நேரம் தப்பாக இருக்கும் என்று, பன்னிரண்டு வருடமாக இந்த வேலையைப் பார்த்தும் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சர்வரின் கடிகாரம் சரியாக ஓடினால் லாக்கின் நேரமும் சரி, அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி வாக்கில் சப்போர்ட் ஆட்களிடமிருந்து தகவல் வந்தது: ராத்திரி பணம் கட்டிய சிலருக்கு ஒரே ரசீது மூன்று தடவை போயிருக்கிறது. எங்கள் சர்வீஸ் ரொம்பச் சின்னது. காஃப்காவிலிருந்து (செய்திகளை வரிசையாக வாங்கி வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கும் மென்பொருள்) ஒரு செய்தியை எடுப்பது, ரசீதை பிடிஎஃப் ஆக்குவது, எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்புவது, அப்புறம் அடுத்த செய்தி. பைத்தானில் எழுதியது, நான்கு பாட்களில், அதாவது ஒரே ப்ரோக்ராமின் நான்கு பிரதிகளில், ஓடுகிறது, நூறு செய்திக்கு ஒரு தடவை ஆஃப்செட்டை கமிட் செய்யும், அதாவது இதுவரை முடித்தாயிற்று என்று காஃப்காவிடம் குறித்துவைக்கும். ஆகவே ஒரு பாட் நடுவில் செத்தால், கமிட் ஆகாத செய்திகளை அடுத்த பாட் மறுபடி எடுக்கும், சிலருக்கு இரண்டு தடவை போகும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், அதற்கு ஒரு சரியான தீர்வு எழுத வேண்டும் என்று ஒரு டிக்கெட் கூட ஒரு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மூன்று தடவை என்றால், அதுவும் ஏறக்குறைய அறுபது பேருக்கு என்றால், எந்த பாடும் சாகவில்லை என்றால்?

லாக்கைத் திறந்தேன். 02:18:37. அந்த ஒரே நொடியில், இரண்டு பாட்களிலிருந்து, காஃப்கா லைப்ரரியின் வரிகள் கொத்துக் கொத்தாக. க்ரூப்பை விட்டு விலகுகிறேன், பார்ட்டிஷனை விடுகிறேன், மறுபடி சேர்கிறேன் என்று. (க்ரூப் என்பது வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் எங்கள் பாட்கள், பார்ட்டிஷன் என்பது ஒரு பாடின் பங்குக்கு வரும் செய்தி வரிசை.) அதற்கு முன்னால் ஒரு பாடில் பன்னிரண்டு நிமிடமும் இன்னொன்றில் ஏழு நிமிடமும் ஒரு முனகல்கூட இல்லை. பார்த்தவுடனேயே முடிவு செய்துவிட்டேன். இரண்டு வெவ்வேறு மெஷினில் இருக்கும் பாட்கள் ஒரே நொடியில் அலறினால், அது எங்கள் கோடு இல்லை, நெட்வொர்க். 2:18:37-க்கு நெட்வொர்க்கில் என்ன நடந்தது என்று பாருங்கள் என நெட்வொர்க் டீமுக்கு மெயில் போட்டேன், கொஞ்சம் தெனாவட்டான மெயில் என்றே இப்போது தோன்றுகிறது. அவர்கள் கிராஃபையெல்லாம் புரட்டிவிட்டு, 2:18-க்கு எதுவுமே நடக்கவில்லை என்று பதில் போட்டார்கள். அவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நானும் என் பக்கத்து சீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டோம்.

ப்ரோக்கரின், அதாவது காஃப்கா சர்வரின், லாக்கைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. ஒரு மெம்பர் (எங்கள் பாட்களில் ஒன்று) தானாகவே க்ரூப்பை விட்டு விலகியதாக ப்ரோக்கர் எழுதியிருந்த நேரம் 02:11. இன்னொரு மெம்பர் விலகியது 02:16. எங்கள் பக்கத்தில் இரண்டுமே 02:18:37. சரி, கடிகாரம்தான் போய்விட்டது என்று பாட்கள் ஓடிய மெஷின்களில் நேர ஒத்திசைவைச் சோதித்தேன். மில்லிசெகண்ட் கணக்கில்கூடப் பிசகவில்லை.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரியைச் சுட்டிக்காட்டினாள். அந்த வரி சொன்னது இதுதான் (போல்() என்பது அடுத்த செய்தியைக் கொடு என்று காஃப்காவிடம் கேட்பது): போல்() அழைப்புகளுக்கு இடையே அதிகபட்சம் 300000 மில்லிசெகண்ட் போகலாம், நீங்கள் அதை 412 மில்லிசெகண்ட் தாண்டிவிட்டீர்கள், ஆகவே க்ரூப்பை விட்டு விலகுகிறேன்.

“அண்ணா, வெறும் 412 மில்லிசெகண்டுதான் தாண்டிடுச்சுன்னு சொல்லுது. அப்படின்னா நாம கடைசியா போல் பண்ணது 2:13-க்குன்னு ஆகுது. ஆனா இந்த பாட் லாக்ல 2:06-க்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே?”

நான் ஒரு நிமிடம் பேசவில்லை. அந்த வரியை அன்று காலையில் குறைந்தது இருபது தடவை படித்திருப்பேன். 2:06-க்குக் கடைசி போல், அதிலிருந்து 5 நிமிடம் 412 மில்லிசெகண்ட் என்றால் 2:11. வரியின் உள்ளே இருந்த கணக்கு ப்ரோக்கரோடு பொருந்திப்போனது. வரியின் தலையில் இருந்த நேரம் மட்டும்தான் பொருந்தவில்லை.

இதற்குக் காரணம் ஆவணத்திலேயே இருக்கிறது, ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. பைத்தானில் நாங்கள் பயன்படுத்தும் காஃப்கா க்ளையன்ட் (காஃப்காவோடு பேசும் லைப்ரரி), லிப்ஆர்டிகாஃப்கா என்ற சி லைப்ரரியின் மேல் போர்த்திய ஒரு போர்வை. லிப்ஆர்டிகாஃப்காவை மேக்னஸ் எடென்ஹில் 2012-ல் எழுத ஆரம்பித்தார், பைத்தான், கோ, டாட்நெட் என்று பல மொழிகளின் க்ளையன்ட்கள் இன்று அதன் முதுகில்தான் சவாரி செய்கின்றன. அது தனக்கென்று சொந்த த்ரெட்களை (ஒரே ப்ரோக்ராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலையோட்டங்கள்) வைத்துக்கொள்ளும், மெயின் த்ரெட் ஒன்று, ஒவ்வொரு ப்ரோக்கருக்கும் ஒன்று. உங்கள் பைத்தான் கோடு எங்கே மாட்டிக்கொண்டு நின்றாலும் இவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், உயிரோடுதான் இருக்கிறேன் என்று ப்ரோக்கருக்கு ஹார்ட்பீட் அனுப்பும், நீங்கள் ஐந்து நிமிடமாக போல்() கூப்பிடவில்லையே என்று கவனிக்கும். நீங்கள் எதையும் செய்யாமல் விட்டால் லாக் வரியை நேராக ஸ்டாண்டர்ட் எரரில், அதாவது ப்ரோக்ராமின் பிழைச் செய்திகள் போகும் வெளியீட்டில், எழுதிவிடும். ஆனால் லாக் எழுதும் வேலையைச் செய்கிற பைத்தானின் லாகரைக் கையில் கொடுத்து, இதில் எழுது என்று சொன்னால் கதை மாறுகிறது. பைத்தானுக்குச் சம்பந்தமில்லாத ஒரு த்ரெட்டிலிருந்து திடீரென்று பைத்தான் கோடுக்குள் புகக் கூடாது என்பதற்காக, வரிகளை ஒரு வரிசையில் சேர்த்து வைத்துக்கொண்டு, நீங்கள் அடுத்த தடவை போல்() கூப்பிடும்போதுதான் லாகரிடம் ஒப்படைக்கும்.

அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி. கூரியரையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார், நாம் கீழே இறங்கிப் போகும்போது மொத்தமாகக் கொடுப்பார். அவரிடமிருந்து நாம் வாங்கிய நேரத்தை, கூரியர் வந்த நேரம் என்று டைரியில் எழுதிக்கொண்டது நாம். பைத்தானின் லாகர் தன் கைக்கு வரி வந்த நேரத்தைத்தான் தலையில் போடும். சி பக்கத்தில் அந்த வரி பிறந்த நேரம் அதோடு சேர்ந்து வருவதில்லை.

லாகரைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அன்றைய வரி ஸ்டாண்டர்ட் எரரில் ஏறக்குறைய இப்படி ஆரம்பித்திருக்கும்:

%4|1718052060.412|மேக்ஸ்போல்|ஆர்டிகாஃப்கா#கன்சூமர்-1|

(நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் வரும்.) முதலில் இருக்கும் 4 என்பது எச்சரிக்கை. சிஸ்லாக் என்ற பழைய லாக் முறையின் 0 முதல் 7 வரையான படிகள், 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருளுக்காகச் செய்தது, அதுவே இன்றும் ஓடுகிறது. அடுத்த நீள எண் எபாக் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள்), மாற்றிப் பார்த்தால் இந்திய நேரம் 02:11:00.412. அப்புறம் எந்த விஷயம், எந்த க்ளையன்ட். முழு உண்மையும் அந்த ஒரு துண்டில் இருக்கிறது. ஜேசன் வடிவில் அழகான லாக் வேண்டும் என்று ஆசைப்பட்டு, லாகரை இணைத்து, அதை நாங்களே கழற்றிப் போட்டிருந்தோம். அந்த மாற்றத்தைச் செய்தவன் யார் என்று, கோடு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் பார்த்தேன். நான்தான்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரசீதில் போடும் லோகோவை ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுத்துவருவோம். அந்த சர்வர் 2:06-க்குத் தொங்கிவிட்டது, எங்கள் அழைப்புக்கு டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற வரம்பு) இல்லை. முதல் பாட் அதில் மாட்டிக்கொண்டு 2:11-க்கு க்ரூப்பிலிருந்து விலக்கப்பட்டது, இரண்டாவது பாட் அதே பார்ட்டிஷனை எடுத்து, கமிட் ஆகாத அறுபது ரசீதையும் மறுபடி அனுப்பிவிட்டு, அதே செய்தியில் மாட்டிக்கொண்டு 2:16-க்கு விலகியது, மூன்றாவது பாட் அதையே இன்னொரு தடவை செய்தது. 2:18:37-க்கு அந்த சர்வர் உயிர்பெற்றது. மூன்று பாட்களும் ஒன்றாக விடுபட்டன, முதல் இரண்டும் ஒன்றாக போல்() கூப்பிட்டன, வாட்ச்மேன்கள் ஒன்றாகக் கூரியரைக் கொடுத்தார்கள். நெட்வொர்க் டீம் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. நெட்வொர்க்கில் 2:18-க்கு எதுவுமே நடக்கவில்லை, கெடவேண்டியதெல்லாம் அதற்குள் கெட்டு முடிந்திருந்தது.

லாக்கிங் கான்ஃபிகரேஷன் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் லெவலைப் பற்றித்தான் (எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்ற அளவு) கேட்கிறார்கள். இன்ஃபோவா, அதைவிட விவரமான டீபக்கா? நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு லைப்ரரியைப் பொறுத்தவரை லெவல் கடைசிக் கேள்வி என்றே இப்போது நினைக்கிறேன். வரி எந்த த்ரெட்டில் பிறக்கிறது, யார் கைமாற்றிவிடுகிறார்கள், தலையில் இருக்கும் நேரம் பிறந்த நேரமா ஒப்படைத்த நேரமா, இதெல்லாம் தெரியாமல் லெவலைக் கூட்டினால் தப்பான நேரத்தோடு நிறைய வரிகள் கிடைக்கும், அவ்வளவுதான்.

கூட்டிய அனுபவமும் உண்டு. லிப்ஆர்டிகாஃப்காவில் டீபக் என்பது ஒரே ஸ்விட்ச் இல்லை. காற்புள்ளி போட்டு எந்தெந்தப் பகுதி பேச வேண்டும் என்று எழுத வேண்டும்: ப்ரோக்கர், டாபிக், மெசேஜ், ஃபெட்ச், கன்சூமர் க்ரூப் என்று நீண்ட பட்டியல், கடைசியில் ‘ஆல்’. அந்த ஆல் இருக்கிறதே, அதை எடுத்துவிட வேண்டும் என்று யாராவது கையெழுத்து இயக்கம் ஆரம்பித்தால் முதல் கையெழுத்து என்னுடையது. சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏதோ ஒரு சின்னச் சந்தேகத்துக்கு ஆல் என்று போட்டு, எடுக்க மறந்து, வீட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிறு காலை டிஸ்க் நிரம்பி, காஃப்காவுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு சர்வீஸ் அதே மெஷினில் விழுந்து கிடந்தது. அனுப்பும் பக்கம் பிரச்சினை என்றால் ப்ரோக்கர், டாபிக், மெசேஜ். வாங்கும் பக்கம் என்றால் கன்சூமர், கன்சூமர் க்ரூப், டாபிக், ஃபெட்ச். ஆவணமே இந்தச் சேர்க்கையைத்தான் சொல்கிறது. ஃபெட்சும் மெசேஜும்தான் டிஸ்க்கைத் தின்பவை, நான் அவற்றைக்கூடத் தனியாக, கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் திறப்பேன்.

இன்னொரு தொல்லை, பைத்தான் பக்கம் இரண்டு கதவு இருப்பது. லைப்ரரியில் டீபக்கைத் திறந்துவிட்டு, ஒன்றுமே வரவில்லையே என்று மண்டையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லைப்ரரி கத்திக்கொண்டுதான் இருக்கும். பைத்தானின் லாகருக்கு லெவல் எதுவும் சொல்லவில்லை என்றால் ரூட் லாகரின் லெவல்தான் செல்லும், அது வார்னிங். ஆகவே டீபக் வரிகள் எல்லாம் இரண்டாவது கதவில் முட்டி விழுந்துகொண்டிருக்கும். ஜாவாவில் வேறு மாதிரி கூத்து. காஃப்காவின் ஜாவா க்ளையன்ட் எஸ்எல்எஃப்4ஜே என்ற இடைத்தரகர் வழியாகப் பேசும், பின்னால் நிஜமாக எழுதும் லாக்பேக்கோ லாக்4ஜேவோ இல்லையென்றால் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை முணுமுணுத்துவிட்டு, அதற்கப்புறம் எல்லா வரியையும் கிணற்றில் போட்டுவிடும்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுகிற விஷயத்தில் ஜாவாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் ஆக்சுவேட்டரில் (ஓடும் சர்வீஸைக் கவனிக்கும் பகுதி) லாகர்ஸ் என்ற முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பினால் போதும், காஃப்கா க்ளையன்ட்டின் கன்சூமர் பகுதியை மட்டும் டீபக்குக்கு மாற்றி, பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். லாக்4ஜே 2-லும் லாக்பேக்கிலும் கான்ஃபிக் ஃபைலையே அவ்வப்போது திரும்பப் படிக்கச் சொல்லலாம். லிப்ஆர்டிகாஃப்காவில் எந்தப் பகுதி பேச வேண்டும் என்பது க்ளையன்ட்டை உருவாக்கும்போதே முடிவாகிவிடும், அப்புறம் மாற்ற முடியாது. சி-யில் எழுதுகிறவர்கள் லெவலை மட்டும் நடுவில் ஏற்றி இறக்க ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. செய்தி அனுப்பும் வேறு நெறிமுறைகளான எம்க்யூடிடிக்கான பாஹோ சி லைப்ரரியிலும் ஏஎம்க்யூபிக்கான க்யூபிட் ப்ரோட்டானிலும் எதற்கும் கோடைத் தொட வேண்டாம், ஒரு என்விரான்மெண்ட் வேரியபிள் (ப்ரோக்ராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) போதும், அது ரொம்ப வசதி. பாஹோவில் எத்தனை வரிக்கு அப்புறம் ஃபைலைச் சுழற்ற வேண்டும் என்பதைக்கூட அப்படியே சொல்லிவிடலாம், அந்த சனிக்கிழமை எனக்கு அது கிடைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆறிப்போயிருக்காது. ப்ரோட்டானில் ஃப்ரேம் ட்ரேஸைத் திறந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் (கம்பியில் போகும் தகவல் துண்டு) திரையில் ஓடும், நமது செய்தியின் உள்ளடக்கமும் சேர்ந்தே ஓடும் என்பதால் ரசீது, தொலைபேசி எண் போன்றவை போகும் இடத்தில் யோசித்துத் திறக்க வேண்டும்.

என்விரான்மெண்ட் வேரியபிளில் ஒரே சிக்கல், அதை மாற்றினால் ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் பிரச்சினை போய்விடும். போனது நல்லதுதானே என்று மேனேஜர் சொல்வார். அவரிடம் என்ன சொல்வது? பேயைப் பார்க்க விளக்கு ஏற்றினால் பேய் ஓடிவிடுகிறது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்ப வருகிறது.

அதனால் நாங்கள் எடுத்த முடிவு கொஞ்சம் தலைகீழானது. என்னென்ன வரி பிறக்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே தாராளமாக முடிவு செய்துவிடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை வெளியே, பின்னால் முடிவு செய்வது. கன்சூமர் க்ரூப் பகுதியின் டீபக் மட்டும் எங்கள் பாட்களில் எப்போதும் திறந்தே இருக்கிறது. மூன்று நொடிக்கு ஒரு ஹார்ட்பீட் என்பது லைப்ரரியின் இயல்பு, ஆகவே அதற்கு மட்டுமே ஒரு கன்சூமருக்கு ஒரு நாளைக்கு 28800 தடவை பேசும். அந்த வரிகளை, பாட்களின் லாக்கைத் திரட்டும் சேகரிப்பான் வாசலிலேயே தள்ளிவிடுகிறது, தேவைப்பட்டால் சேகரிப்பானின் விதியை மட்டும் மாற்றினால் போதும், பாடைத் தொட வேண்டியதில்லை. பைத்தானின் லாகரைப் பிடுங்கிவிட்டேன். லைப்ரரி நேராக ஸ்டாண்டர்ட் எரரில் எழுதுகிறது, சேகரிப்பானான ஃப்ளூயன்ட் பிட்டில் ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் விதி) போட்டு அந்த எபாக் எண்ணையே வரியின் நேரமாக எடுத்துக்கொள்கிறோம். ஜேசன் அழகு போயிற்று. பரவாயில்லை.

கூடவே செய்த இன்னொரு சின்ன மாற்றம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. லாக்கில் க்ளையன்ட்டின் பெயராக வரும் க்ளையன்ட் ஐடி என்று ஒன்று இருக்கிறது, நீங்கள் எதுவும் தரவில்லை என்றால் ஆர்டிகாஃப்கா என்றே இருக்கும். பின்னால் வரும் எண் அந்தந்த ப்ராசஸுக்குள் எண்ணுவது. விளைவு, எங்கள் நான்கு பாட்களின் பெயரும் ஆர்டிகாஃப்கா#கன்சூமர்-1. ஒரே வகுப்பில் நான்கு செந்தில் இருந்து, வாத்தியார் இனிஷியல் இல்லாமல் கூப்பிடுவது போல. ப்ரோக்கர் பக்கத்தில் மெம்பரின் பெயர் இந்த ஐடியில் ஆரம்பித்து, பின்னால் யூயூஐடி என்ற ஒரு நீள அடையாள எண்ணோடு இருக்கும். அன்றைக்கு 2:11-க்கு விலகியது எந்த பாட் என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போனது. இப்போது பாடின் பெயரையே க்ளையன்ட் ஐடியாகக் கொடுக்கிறோம், இரண்டு பக்கத்து லாக்கையும் ஒரே தேடலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இப்படி எல்லாம் திறந்து வைத்தால் வெட்டி அலாரமும் வரும். முதல் வாரமே, செய்தி அனுப்பும் எங்கள் சின்ன ப்ரொட்யூசர் ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கனெக்‌ஷன் அறுந்துவிட்டதாகப் புலம்பியது. பெரிய விஷயமில்லை, பத்து நிமிடம் சும்மா இருக்கும் கனெக்‌ஷனை ப்ரோக்கரே மூடிவிடும், அதன் இயல்பு அளவே அதுதான். இதை லாக்கில் சொல்லாதே என்று லைப்ரரிக்குச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. நிஜமாக அறுபடும்போதும் அது வாயை மூடிக்கொண்டிருக்குமே என்று பயந்து அதைத் தொடவில்லை, சேகரிப்பானிலேயே வடிகட்டினோம். இதில் எங்கள் டீமுக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

லோகோ எடுக்கும் அழைப்புக்கு பத்து நொடி டைம்அவுட் போட்டது ஒரே ஒரு வரி மாற்றம். அதை அந்தப் பெண்ணே செய்தாள். நெட்வொர்க் டீமுக்கு நான் இன்னொரு மெயில் எழுதினேன், அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பதிலாக அவர்கள் 2:06-லிருந்து 2:18 வரைக்குமான கிராஃபை அனுப்பியிருந்தார்கள், அந்த லோகோ சர்வருக்கு எங்கள் பக்கத்திலிருந்து போன கனெக்‌ஷன்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகப் படி ஏறி நின்றன.